டிம் லின்சிகமை இனி என்ன செய்வது? (பிட்ஸ்பர்க் 13-2க்குப் பிறகு)

கிங்தெரு | 9 ஜூலை 2012, காலை 7.40

நம் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி நேற்று பிட்ஸ்பர்க்கில் 13-2 என்று தோற்றது. லின்சிகம் அதற்கு முன் வீசிய ஆட்டம் வாஷிங்டனில், அங்கேயும் 9-3 தோல்வி. இரண்டிலும் பிட்சராக (பந்து வீசுபவராக) இறங்கிய நம் ஆள் நான்காவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. சீசன் நடுவில் வரும் ஆல் ஸ்டார் இடைவேளை வந்துவிட்டது. அவர் கணக்கில் 3 வெற்றி, 10 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 6.42.

நான் லின்சிகம் எதிரி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2008, 2009 இரண்டு வருடமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியபோது ஆபீஸில் இனிப்பு வாங்கிக் கொடுத்தவன். என் மகன் அவருடைய எண் 55 போட்ட சட்டையைத் துவைக்கக் கொடுக்கவே மாட்டான். ஆனால் மற்ற பிட்சர்கள் கேன், பம்கார்னர், வோகல்சாங், ஏன், ஜீட்டோகூட ஒழுங்காக வீசும் வருடத்தில், ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு ஆட்டத்தைத் தாரை வார்ப்பது என்ன நியாயம்? ரொட்டேஷனிலிருந்து (முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பிட்சர்களிலிருந்து) எடுங்கள். ஆட்டத்தின் இடையில் இறங்கும் பிட்சர்களோடு புல்பெனில் உட்காரட்டும். தலை தெளிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

பூண்டுவறுவல் | 9 ஜூலை, காலை 8.05

காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா அண்ணே. காபியாவது குடித்தீர்களா?

இந்த அணி 1958இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது. 2010 வரை ஒரு கோப்பைகூட இந்த ஊருக்கு வரவில்லை. 52 வருடம். அந்தக் கோப்பையைக் கொண்டுவந்த கை யாருடையது? அந்த வருட பிளேஆஃபில் பிரேவ்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 1-0, 14 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது), கொடுத்த ஹிட் இரண்டே இரண்டு. கடைசி ஆட்டம் டெக்சாஸில், 8 இன்னிங்ஸ், 10 ஸ்ட்ரைக் அவுட். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் சாப்பிட்டு முடித்ததும் கறிவேப்பிலையைத் தூக்கிப் போடுகிற மாதிரி போட்டுவிடுவதா?

கணக்குப்பிள்ளை | 9 ஜூலை, காலை 9.12

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். வேகத்தைப் பாருங்கள். 2008இல் ஃபாஸ்ட் பால் சராசரி 94 மைல். இப்போது 90ஐ ஒட்டித்தான் வருகிறது. 94 மைல் பந்து மட்டையாளர் நெஞ்சுக்கு நேராகப் போனால் தப்பு இல்லை, அவர் தாமதமாகத்தான் சுற்றுவார். அதே இடத்தில் 90 போனால் சுவருக்கு வெளியே போகும். அவருடைய சேஞ்ச் அப் இன்னும் அருமையாகத்தான் விழுகிறது. ஆனால் சேஞ்ச் அப் என்பது ஏமாற்றுவேலை. வேகமான பந்து வரும் என்று மட்டையாளர் பயந்தால்தான் மெதுவான பந்து வேலை செய்யும். பயம் போய்விட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இன்னிங்ஸுக்கு ஒரு ஸ்ட்ரைக் அவுட் என்ற கணக்கு இந்த வருடமும் குறையவில்லை. கை செத்துப்போன பிட்சருக்கு அப்படி வராது. எனவே "முடிந்துவிட்டது" என்பவர்களும் சரியில்லை, "ஒன்றுமே இல்லை, கெட்ட நேரம்" என்பவர்களும் சரியில்லை.

சேப்பாக்கம்_சீனு | 9 ஜூலை, காலை 10.30

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஆபீஸில் எல்லாரும் இதைப் பற்றியே பேசுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை. ஈ.ஆர்.ஏ. 6.42 என்றால் என்ன? அது ரொம்ப மோசமா?

கணக்குப்பிள்ளை | 9 ஜூலை, காலை 10.41

ஒரு முழு ஆட்டம் 9 இன்னிங்ஸ். அந்த அளவுக்கு வீசினால் சராசரியாக எத்தனை ரன் கொடுப்பார் என்பதுதான் ஈ.ஆர்.ஏ. ஃபீல்டர் தவறால் வந்த ரன் கணக்கில் சேராது. 3க்குக் கீழே இருந்தால் தங்கம். 4 என்றால் பரவாயில்லை. 6.42 இருப்பவரை வழக்கமாக மைனர் லீகுக்கு அனுப்பிவிடுவார்கள். இவர் பெயர் லின்சிகம் என்பதால் அனுப்பவில்லை.

சேப்பாக்கம்_சீனு | 9 ஜூலை, காலை 10.58

நன்றி சார். அப்படியென்றால் நம்ம இர்ஃபான் பதான் கதை மாதிரியா? 2006இல் கராச்சியில் முதல் ஓவரிலேயே ஹாட்ரிக் எடுத்தார். அப்புறம் வேகம் குறைந்தது, ஸ்விங் குறைந்தது, ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்.

ஃப்ரிமான்ட்காரி | 9 ஜூலை, காலை 11.20

சீனு தம்பி, வாங்க வாங்க. ஒப்பீடு பாதிதான் பொருந்தும். பதான் பேட்டிங் செய்து அணியில் இடம் பிடிக்கலாம். பிட்சருக்கு அந்த வழி கிடையாது, லின்சிகம் மட்டை பிடிப்பதை ஒருமுறை பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நான் எண் பார்ப்பதில்லை, ஆளைப் பார்ப்பேன். அவர் உயரம் 5 அடி 11 அங்குலம், எடை 170 பவுண்டு இருந்தால் அதிகம். பிட்சர் என்றாலே ஆறேகால் அடி மலை என்று நினைக்கும் விளையாட்டில், இந்த ஒல்லிக்குச்சி உடம்பு எப்படி அந்த வேகத்தைக் கொண்டுவந்தது? போயிங்கில் வேலை பார்த்த அவருடைய அப்பா சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த முறை அது. முதுகை மட்டையாளருக்குக் காட்டுகிற அளவுக்கு உடம்பைத் திருப்புவார். இடது கால் மேலே போகும், அப்புறம் பள்ளத்தைத் தாண்டுகிறவர் மாதிரி முன்னால் ஒரே பாய்ச்சல். வைக்கிற அடி அவருடைய சொந்த உயரத்தைவிட நீளம்! கை கடைசியில்தான் வரும், சாட்டையின் நுனி மாதிரி. உடம்பு முழுக்க ஒரே ஓட்டமாக ஓடினால்தான் அது நடக்கும்.

இப்போது பேஸில் ஆள் நிற்கும்போது கவனியுங்கள். ஓட்டக்காரர் அடுத்த பேஸைத் திருடிவிடுவார் என்று முழுச் சுற்றும் சுற்ற முடியாது, பக்கவாட்டில் நின்று குறுக்கி வீச வேண்டும். அங்கேதான் எல்லாம் உதிர்கிறது. யாரும் பேஸில் இல்லாதவரை பழைய டிம்மி. ஒரு வாக் (நான்கு தப்பான பந்து போட்டு பேஸை இலவசமாகக் கொடுப்பது), ஒரு ஹிட், முடிந்தது கதை. தொப்பியைக் கழற்றுவார், முடியைத் தள்ளிவிடுவார், பந்தைக் கையில் தேய்த்துக்கொண்டே இருப்பார். அடுத்த பந்து மண்ணில் குத்தும்.

கிங்தெரு | 9 ஜூலை, மதியம் 12.15

அதைத்தானே நானும் சொல்கிறேன் மேடம். கோளாறு இருக்கிறது, அதைச் சரிசெய்ய ரிகெட்டி மாதிரி பயிற்சியாளர் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் பழுதுபார்க்கும் வேலையை நெடுஞ்சாலை நடுவில் வண்டியை நிறுத்தி ஏன் செய்ய வேண்டும்? நம் பிரிவில் டாட்ஜர்ஸ் நூலிழை முன்னால் நிற்கிறார்கள்.

மிஷன்_மணி | 9 ஜூலை, மதியம் 1.02

எல்லாரும் மென்று விழுங்குகிறீர்கள். நான் சொல்கிறேன். 2 வருடத்துக்கு 40.5 மில்லியன் டாலர். கையெழுத்துப் போட்டதற்கு அரை, இந்த வருடம் 18, அடுத்த வருடம் 22. அந்தப் பணத்தில் நல்ல அவுட்ஃபீல்டர் ஒருவரை வாங்கியிருக்கலாம். ஆள் குளிர்காலத்தில் உடற்பயிற்சி செய்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். இன்-அண்ட்-அவுட்டில் பர்கர் தின்றதற்குக் கணக்கே இல்லை. பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர் பந்தை வீசமாட்டேன் என்று வசந்தகாலப் பயிற்சியில் சொன்னவர் வேறு. இருந்த ஆயுதத்தையும் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தால் இப்படித்தான்.

பூண்டுவறுவல் | 9 ஜூலை, மதியம் 1.10

மணி, போன வருடம் அவருடைய ஈ.ஆர்.ஏ. 2.74. அதற்கு நம் மட்டையாளர்கள் கொடுத்த பரிசு 13 வெற்றி, 14 தோல்வி. அன்றைக்கு அவர் எத்தனை பேரைத் திட்டினார்? ஒருவரையும் இல்லை. இன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்றதும் பில்லை நீட்டுகிறீர்கள்.

மிஷன்_மணி | 9 ஜூலை, மதியம் 1.14

மூன்று மாதமாக என்ன காய்ச்சல்?

பூண்டுவறுவல் | 9 ஜூலை, மதியம் 1.15

உங்களுக்கு நாக்கில்

மட்டுறுத்துநர் | 9 ஜூலை, மதியம் 1.31

பூண்டுவறுவலின் பதிவு பாதியில் வெட்டப்பட்டது. ஆட்டக்காரரைத் திட்டலாம், சக உறுப்பினரைத் திட்டக் கூடாது. மணி, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒன்பதாம்_இன்னிங்ஸ் | 9 ஜூலை, இரவு 9.47

குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு இப்போதுதான் முழுவதும் படித்தேன். ஒரு பெயரை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். பேரி ஜீட்டோ. 7 வருடம், 126 மில்லியன். 2010இல் பிளேஆஃப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. நம் ரசிகர்கள் அவரைச் சொந்த மைதானத்திலேயே கூவி விரட்டினார்கள். நானும் கூவினேன், மறைக்கவில்லை. இந்த வருடம் அவர் அமைதியாக ஆட்டங்களை வென்று தருகிறார். வோகல்சாங்கைப் பாருங்கள், மூன்று வருடம் ஜப்பானில் கிடந்துவிட்டு 30 வயதைத் தாண்டித் திரும்பிவந்தவர். பிட்சர்கள் விஷயத்தில் "முடிந்தது" என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன்.

2010 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். அந்த மாதம் முழுக்க லின்சிகமுக்கு ஒரு வெற்றிகூட இல்லை, ஐந்து தோல்வி. அன்றைக்கும் இதே மாதிரி ஓர் இழை இங்கே ஓடியது. ஆரம்பித்தவர் யார் என்று சொல்லமாட்டேன்.

கிங்தெரு | 9 ஜூலை, இரவு 10.05

நான்தான். சொல்லிவிட்டேன். போதுமா?

பூண்டுவறுவல் | 15 ஜூலை 2012, காலை 6.50

யாராவது விழித்திருக்கிறீர்களா? நேற்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராக லின்சிகம். 8 இன்னிங்ஸ், 11 ஸ்ட்ரைக் அவுட், ரன் பூஜ்ஜியம்.

நான் நேரில் இருந்தேன். கால்ட்ரெயினில் இறங்கி நடக்கும்போதே பக்கத்தில் வந்த ஒரு தாத்தா, "இன்றைக்கு மூன்று இன்னிங்ஸ் தாண்டினால் நான் பீர் வாங்கித் தருகிறேன்" என்றார். மூன்றாவது முடிந்ததும் எங்கள் வரிசையில் யாரும் சத்தம் போடவில்லை. கண்பட்டுவிடும் என்று ஒரு பயம். ஆறாவதில் சேஞ்ச் அப்புக்கு ஒரு ஆள் சுற்றிய சுற்றில் மட்டை கையைவிட்டுப் போகாதது ஆச்சரியம். அப்போதுதான் அரங்கம் எழுந்து நின்றது. ஆட்டம் 12 இன்னிங்ஸ் இழுத்து 3-2 என்று வென்றோம், அதனால் வெற்றி அவர் கணக்கில் ஏறவில்லை. கடற்காகங்கள் எல்லாம் இறங்கி உட்கார்ந்து எப்போது கிளம்புவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தன. என் பூண்டு வறுவலில் பாதி அவற்றுக்குத்தான் போனது.

தாத்தாவைத் தேடினேன், கிடைக்கவில்லை.

மிஷன்_மணி | 15 ஜூலை, காலை 9.30

ஹூஸ்டன் இந்த லீகிலேயே மிக மோசமான அணி. என் பாட்டி வீசினாலும் ஐந்து ஸ்ட்ரைக் அவுட் வரும்.

ஃப்ரிமான்ட்காரி | 15 ஜூலை, காலை 9.44

உங்கள் பாட்டிக்கு நம் மேனேஜர் போச்சி வாய்ப்புக் கொடுத்தால் நான் டிக்கெட் வாங்கி வருகிறேன்.

கணக்குப்பிள்ளை | 4 அக்டோபர் 2012, மாலை 6.20

இழையைத் தூக்குகிறேன், சீசன் முடிந்துவிட்டதால் முழுக்கணக்கைப் போட்டுவிடலாம். 10 வெற்றி, 15 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 5.18. நேஷனல் லீகிலேயே அதிகத் தோல்வி இவருக்குத்தான். ஆனால் இடைவேளைக்குப் பின் மட்டும் எடுத்தால் 7 வெற்றி, 5 தோல்வி. அதாவது நாம் இங்கே அடித்துக்கொண்ட நாள்தான் அடிமட்டம். பழைய உச்சிக்கு ஏறவில்லை, ஆனால் கிணற்றிலிருந்து வெளியே வந்துவிட்டார். அடுத்து வரும் சின்சினாட்டி ரெட்ஸ் பிளேஆஃப் தொடரில் முதலில் கேன், பம்கார்னர் என்றுதான் தெரிகிறது. லின்சிகம் புல்பெனுக்குப் போவார் போலிருக்கிறது.

கிங்தெரு | 4 அக்டோபர், மாலை 6.33

ஜூலையில் ஒரு மனிதர் இதைச் சொன்னபோது அவருக்கு என்ன பட்டம் கொடுத்தீர்கள்?

பூண்டுவறுவல் | 10 அக்டோபர் 2012, இரவு 8.02

அண்ணே.

கிங்தெரு | 10 அக்டோபர், இரவு 8.03

பார்த்தேன் தம்பி. இன்னும் கை நடுங்குகிறது.

பூண்டுவறுவல் | 10 அக்டோபர், இரவு 8.20

பார்க்காதவர்களுக்காக. சொந்த ஊரில் முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்றுவிட்டு சின்சினாட்டி போனோம், ஒன்று தோற்றாலும் வீட்டுக்கு. இன்று ஜீட்டோ மூன்றாவது இன்னிங்ஸிலேயே தடுமாறி வெளியே போனார். நான்காவதில் புல்பென் கதவு திறந்து வந்தவர் லின்சிகம். 4 1/3 இன்னிங்ஸ், 6 ஸ்ட்ரைக் அவுட், ஒரே ஒரு ரன், வாக் கிடையாது. 8-3. தொடர் 2-2.

என்னைக் கேட்டால் மைதானத்துக்குள் ஓடிவந்த விதத்திலேயே தெரிந்தது. ஐந்து நாள் உட்கார்ந்து யோசிக்க நேரம் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தார், வீசினார்.

கணக்குப்பிள்ளை | 10 அக்டோபர், இரவு 8.41

அது மட்டும் இல்லை. ஸ்டார்ட்டராக வந்தால் அதே ஒன்பது பேரை மூன்று சுற்று பார்க்க வேண்டும். மூன்றாவது சுற்றில் அவர்கள் அந்தச் சேஞ்ச் அப்பை மனப்பாடம் செய்துவிடுவார்கள். இடையில் வந்தால் ஒன்றரைச் சுற்றோடு முடிந்தது. பலத்தைச் சேமித்து வைக்கவும் தேவையில்லை. இன்னொன்று, பெரும்பாலான ஸ்டார்ட்டர்களுக்குத் தோள் சூடேறவே அரை மணி நேரம் ஆகும். இவர் ஆட்டம் முடிந்தால் கைக்கு ஐஸ்கூட வைக்காத ஆள், நாலு பந்து எறிந்தால் தயார்.

கிங்தெரு | 10 அக்டோபர், இரவு 8.55

ஆக, என் யோசனைதான் ஜெயித்தது என்று பதிவு செய்யலாமா?

ஃப்ரிமான்ட்காரி | 10 அக்டோபர், இரவு 9.10

பதிவு செய்யுங்கள், ஆனால் முழுசாகச் செய்யுங்கள் அண்ணா. நீங்கள் புல்பென் என்று சொன்னது மூலையில் உட்கார வைப்பதற்கு. போச்சி அனுப்பியது தீயை அணைக்க. இரண்டு சீசனுக்கு முன் அணியின் முதல் பெயராக இருந்தவர், "எங்கே வேண்டுமானாலும் வீசுகிறேன்" என்று போய் உட்கார்ந்தார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிது. 18 மில்லியன் சம்பளக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்?

மிஷன்_மணி | 18 அக்டோபர் 2012, இரவு 9.25

அடுத்த தொடர், செயின்ட் லூயிஸ். லின்சிகமை மறுபடியும் ஸ்டார்ட்டராக இறக்கினார்கள். 4 2/3 இன்னிங்ஸ், நான்கு ரன். 8-3 தோல்வி. தொடரில் 3-1 என்று பின்தங்கிவிட்டோம். யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

கிங்தெரு | 18 அக்டோபர், இரவு 9.31

எனக்கே இன்று சொல்ல மனசில்லை மணி. பையன் டிவியை அணைத்துவிட்டு அந்தச் சட்டையோடேயே தூங்கிவிட்டான்.

ஒன்பதாம்_இன்னிங்ஸ் | 18 அக்டோபர், இரவு 9.50

நாளை ஜீட்டோ. நான் சும்மா பெயரை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஒன்பதாம்_இன்னிங்ஸ் | 19 அக்டோபர், இரவு 8.45

5-0. ஜீட்டோ 7 2/3 இன்னிங்ஸ். ரன் இல்லை. கூவினதற்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், பேரி.

சேப்பாக்கம்_சீனு | 24 அக்டோபர் 2012, இரவு 8.40

உலகத் தொடர் முதல் ஆட்டம். இந்த முறை நானே சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். செயின்ட் லூயிஸிடம் கடைசி மூன்றையும் வென்று இங்கே வந்துவிட்டோம். இன்று டெட்ராய்ட் டைகர்ஸின் வெர்லாண்டரை சாண்டோவல் அடித்த அடி! மொத்தம் மூன்று ஹோம் ரன், அதில் இரண்டு வெர்லாண்டர் பந்தில். ஜீட்டோ ஆறாவது இன்னிங்ஸ் வரை தாங்கினார். அப்புறம் லின்சிகம் வந்தார். எடுத்த 7 அவுட்டில் 5 ஸ்ட்ரைக் அவுட். ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை.

ஜூலையில் ஈ.ஆர்.ஏ. என்றால் என்னவென்று கேட்ட ஆள் நான். இன்று பக்கத்து வீட்டுக்காரர் என் கத்தல் கேட்டு, ஏதோ ஆபத்து என்று கதவைத் தட்டினார். அவர் ஓக்லண்ட் ரசிகர்.

மிஷன்_மணி | 24 அக்டோபர், இரவு 9.15

சரி. இன்று நன்றாக வீசினார். அவ்வளவுதான் சொல்வேன்.

பூண்டுவறுவல் | 24 அக்டோபர், இரவு 9.16

மணி வாயிலிருந்து இது. இழையைச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை | 29 அக்டோபர் 2012, காலை 7.05

உலகத் தொடர் 4-0, கோப்பை நமக்கு. இன்னும் தூங்கவில்லை. டெட்ராய்டில் மூன்றாவது ஆட்டத்திலும் 2 1/3 இன்னிங்ஸ் ஹிட் இல்லாமல் வீசினார். உலகத் தொடரில் மொத்தம் 4 2/3 இன்னிங்ஸ், ஹிட் பூஜ்ஜியம். லீகிலேயே அதிகம் தோற்ற பிட்சரை, அதே வருடம் உலகத் தொடரில் யாரும் தொடக்கூட முடியவில்லை. இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தனித்தனிக் கோப்பாகவே வைத்திருக்கிறேன்.

கிங்தெரு | 31 அக்டோபர் 2012, மாலை 5.30

மார்க்கெட் தெரு ஊர்வலத்துக்குப் போய்வந்தோம். பள்ளிக்கு லீவு போட்டாயிற்று, காரணம் எழுதிய கடிதத்தில் வயிற்றுவலி. பையனைத் தோளில் தூக்கி வைத்திருந்தேன், இப்போது தோள் எனக்கு வேலை செய்யவில்லை, நானும் புல்பெனுக்குத்தான் போக வேண்டும். எங்களைத் தாண்டும்போது லின்சிகம் இந்தப் பக்கம் திரும்பிக் கையாட்டினார். "என்னைப் பார்த்துத்தான்" என்கிறான் பையன். அங்கே 55 போட்ட சட்டை ஆயிரம் இருந்திருக்கும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

மிஷன்_மணி | 31 அக்டோபர், மாலை 6.10

வாழ்த்துகள் எல்லாருக்கும். அப்புறம், அடுத்த வருடம் 22 மில்லியன். ஏப்ரலில் இவர் ரொட்டேஷனா, புல்பெனா?

பூண்டுவறுவல் | 31 அக்டோபர், மாலை 6.11

ரொட்டேஷன்!

கிங்தெரு | 31 அக்டோபர், மாலை 6.11

புல்பென்.

மட்டுறுத்துநர் | 31 அக்டோபர், மாலை 6.25

அதற்குப் புது இழை தொடங்கவும். இது பூட்டப்படுகிறது.